பழைய காருக்குக் கெட்டி ஆயிலா?

என் பட்டறை மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே முப்பது நாற்பது பேரிங் துண்டுகள். பிறை வடிவம், ஒவ்வொன்றும் பாதி வளையம். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கிப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தபின் கழற்றிப் போட்டவை. கோவை கணபதியில் 1992இல் போரிங் பட்டறை ஆரம்பித்தேன். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங் இரண்டும்தான் வேலை. வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மெக்கானிக்கிடம் போவார்கள். மெக்கானிக் கைவிட்ட பிறகு என்ஜினைப் பிரித்து என்னிடம் கொண்டு வருவார்கள். அதனால் எந்த என்ஜின் எப்படிச் செத்தது என்பதை நான் கடைசியில் நின்று பார்க்கிறவன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி. "ஏனுங்க, பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊத்துனாத்தானுங்க நல்லது?"

நான் டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பேன். நல்ல பேரிங்கின் உள்பக்கம் மங்கலான சாம்பல் நிறத்தில், சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி ஒரே சீராக இருக்கும். அடியில் இரும்புத் தகடு, அதன்மேல் தாமிரக் கலவை, அதற்கும்மேல் ஈயப் பூச்சு. அந்தப் பூச்சின் கனம் ஏறக்குறைய ஒரு தௌ, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் கையில் கொடுக்கிற துண்டில் அந்தச் சாம்பல் நிறம் நடுவில் போய்விட்டிருக்கும். தாமிரம் செப்புக் குடம் மாதிரி பளபளவென்று தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகு தெரிந்துவிட்டால் என்ஜின் கதை முடியப்போகிறது என்று பொருள்.

அந்தத் துண்டு என் மாமனாருடைய 1984 பிரீமியர் பத்மினியிலிருந்து வந்தது. அதைக் கெடுத்தது நான்.

1996இல் நடந்தது. பட்டறை தொடங்கி நான்கு வருஷம். மாமனார் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். பத்மினியை என்னிடம் கொடுத்து, "மாப்ள, சூடானா சிவப்பு லைட்டு மினுக்குது, என்னன்னு பாருங்க" என்றார். சிவப்பு லைட் என்றால் ஆயில் பிரஷர் விளக்கு. என்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் மட்டும் மினுக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். ஆயில் மெலிந்துவிட்டது, கெட்டியாக ஊற்றினால் சரியாகும் என்று முடிவு கட்டினேன். இருந்த 20டபிள்யூ-40ஐ வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினேன். விளக்கு அணைந்தது. மாமனாருக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு மாதத்தில் மறுபடியும் மினுக்கியது. இந்த முறை அதைவிடக் கெட்டியான ஆயிலைப் போட்டேன். மறுபடியும் அணைந்தது. இரண்டாவது மாதம் பொள்ளாச்சி ரோட்டில் ஏற்றத்தில் இழுக்கும்போது உள்ளேயிருந்து டொக் டொக் என்று அடி சத்தம். பிக் எண்ட் பேரிங் போய்விட்டது.

பிரிக்கும்போது சம்ப்பிலிருந்து வடித்த ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. பத்மினியில் பெட்ரோல் பம்ப் என்ஜின் பக்கவாட்டில் இருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள, உள்ளே இருக்கிற டயஃப்ரம் மேலும் கீழும் அசைந்து டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். அந்த டயஃப்ரம் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக பெட்ரோல் சொட்டுச் சொட்டாக என்ஜின் ஆயிலில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. எந்த ஆயிலை ஊற்றினாலும் பெட்ரோல் அதைக் கரைத்துத் தண்ணீராக்கிவிடும். அந்த இரண்டு மாதத்தில் கேஜ் கம்பியில் ஆயில் மட்டம் குறையவே இல்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. ஓடுகிற என்ஜினில் ஆயில் மட்டம் தானாக ஏறாது. ஏறினால் பெட்ரோலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அதை நான் பார்த்தும் பார்க்கவில்லை. சொற்பக் காசில் முடிந்திருக்க வேண்டிய டயஃப்ரம் வேலை, கிராங்க் கிரைண்டிங், புது பேரிங் என்று போனது.

அன்றிலிருந்து ஆயிலின் கெட்டித்தன்மை என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒழுங்காகப் படித்தேன். இப்போது கேட்கிறவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆயில் எப்படிக் காப்பாற்றுகிறது என்பது. வழுவழுப்பாக இருப்பதால் தேயாமல் வைக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து வந்த நினைப்பு. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை என்று அச்சில் தடவுவார்கள். அங்கே சுற்றும் வேகம் குறைவு, மையின் வழுவழுப்பே போதும். என்ஜினில் நடப்பது வேறு. 1883இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் மூழ்கியிருந்தது. பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கு ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார், தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மர ஆப்பை அடித்தார், அதையும் தள்ளியது. பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தால் முள் 200 பவுண்டைத் தாண்டிப் போய்விட்டது. பேரிங் தாங்கிய சராசரிப் பாரமோ அதில் பாதிதான். அச்சு சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்து, குறுகலான இடத்தில் ஆப்பு மாதிரிச் செருகி, அந்த ஆப்பின்மேல் தானே ஏறி மிதக்கிறது. மூன்று வருஷம் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். மழை நாளில் அவிநாசி ரோட்டில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர்மேல் ஏறி வழுக்குகிறதே, அதே விஷயம்தான். ரோட்டில் அது ஆபத்து, பேரிங்கில் அதுதான் உயிர்.

ஆகவே நல்லபடி ஓடுகிற என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. நடுவில் ஆயில் படலம். அந்தப் படலத்தை உண்டாக்குவது மூன்று: சுழலும் வேகம், நடுவில் விட்ட இடைவெளி, ஆயிலின் கெட்டித்தன்மை. இடைவெளியை நாங்கள் கிளியரன்ஸ் என்போம். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் அது ஒன்றிலிருந்து இரண்டரை தௌ வரை. மாருதி 800இல் இன்னும் நெருக்கம், ஒன்று, ஒன்றரை தௌ. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய மூன்று தௌ. ஒரு முடிகூட நுழையாத சந்தில்தான் இத்தனையும் நடக்கிறது.

கிளியரன்ஸ் நெருக்கமாக இருந்தால் மெல்லிய ஆயில் போதும். அதிகமாக இருந்தால் கொஞ்சம் கெட்டியான ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஒழுகிப் படலம் நிற்காது. பழைய காருக்குக் கெட்டி ஆயில் என்ற பேச்சில் இருக்கிற உண்மை இவ்வளவுதான். அந்தக் காரை வடிவமைத்த நாளிலேயே கிளியரன்ஸ் அதிகமாக வைத்தார்கள், அதற்கேற்ற ஆயிலையும் புத்தகத்தில் எழுதினார்கள். பழையது ஆகிவிட்டதால் அல்ல, பிறந்ததே அப்படி.

இனி டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். 20டபிள்யூ-50 என்பதை 20 முதல் 50 வரை என்று பலர் வாசிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பரீட்சையின் மார்க். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே300 என்ற பட்டியலில் இவற்றை வரையறுத்திருக்கிறது. பின்னால் வருகிற 50, ஆயில் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. அளவு சென்டிஸ்டோக். அறைச் சூட்டில் இருக்கிற தண்ணீர் ஏறக்குறைய 1. நூறு டிகிரியில் 30 எண் ஆயில் 9.3க்கும் 12.5க்கும் இடையில் இருக்க வேண்டும். 40 என்றால் 12.5இலிருந்து 16.3. 50 என்றால் 16.3இலிருந்து 21.9. ஒரு படி ஏறினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு கெட்டி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னால் வருகிற 20டபிள்யூவில் டபிள்யூ என்பது குளிர்காலம். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் வைத்து, ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்ற முடிகிற அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. நம் ஊரில் மைனஸ் 15 எங்கே இருக்கிறது? ஊட்டியில் ஜனவரி விடியற்காலை புல் வெளுத்து உறைந்தாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே முன் எண்ணைப் பார்த்து இங்கே யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் உண்மை. அந்த எண் குறையக் குறைய, காலையில் நம் ஊர் 25 டிகிரியிலும் ஆயில் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும். ஸ்டார்ட் செய்த உடனே மேலே ராக்கர் வரைக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். ஒரு 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் சுமார் 165 சென்டிஸ்டோக் இருக்கும். 5டபிள்யூ-30 சுமார் 65தான். காலையில் முதல் சில வினாடிகளில் இந்த வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கிற பழைய காருக்கு அந்தச் சில வினாடிகள் முக்கியம், ஏனென்றால் மேலே இருந்த ஆயிலெல்லாம் ஆறு நாளில் கீழே இறங்கிவிட்டிருக்கும்.

அந்தக் காலத்தில் ஒரே எண் ஆயில்தான். 30, 40 என்று இருக்கும். பழைய கையேடுகளில் ஊர்ச் சூட்டை வைத்து அட்டவணை போட்டிருப்பார்கள், வெயில் ஊருக்கு ஒன்று, பனி ஊருக்கு ஒன்று. இரட்டை எண் எப்படி வந்தது? இளக்கமான ஆயிலில் நீண்ட சங்கிலி போன்ற பாலிமரைக் கலக்கிறார்கள். குளிரில் அது சுருண்டு கிடக்கும். சூடேறினால் விரிந்து, ஆயில் ரொம்ப மெலியாமல் பிடித்து வைக்கும். அருமையான யோசனை. ஆனால் பேரிங்கின் சந்திலும் ஆயில் பம்ப்பின் பல்லிலும் நசுங்க நசுங்க அந்தச் சங்கிலிகள் அறுகின்றன. மாதக்கணக்கில் ஓடிய 50, மெல்ல மெல்ல 40 பக்கம் இறங்குகிறது. ஆயில் கறுத்தால்தான் மாற்றுவேன் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நிறம் சரியாக இருந்தாலும் கெட்டித்தன்மை போயிருக்கலாம். பழைய காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று சொல்வேன். ஓடவே இல்லை என்றாலும் வருஷத்துக்கு ஒரு முறை.

இப்போது என் மாமனார் கார் விஷயத்துக்குத் திரும்புகிறேன். கெட்டி ஆயில் ஊற்றியதும் விளக்கு ஏன் அணைந்தது? ரப்பர் குழாயில் செடிக்குத் தண்ணீர் விடும்போது முனையைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள். பிரஷர் கூடும், தண்ணீர் குறையும். ஆயில் பிரஷரும் அப்படித்தான். அது எதிர்ப்பின் அளவு. ஆயில் கெட்டியாக இருந்தால் சந்தில் நுழைய அடம் பிடிக்கும், கேஜில் முள் ஏறும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிரஷர் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் அனுப்பிய ஆயிலில் ஒரு பங்கைத் திரும்பச் சம்ப்புக்கே விட்டுவிடும். முள் உயரத்தில் நிற்கும், பேரிங்குக்குப் போகிற ஆயில் குறைந்திருக்கும். பேரிங்கில் உண்டாகிற சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அந்த ஓடுகிற ஆயில்தான். பிரஷர் விளக்கு அணைந்ததைப் பார்த்து நிம்மதியாக இருப்பது, காய்ச்சல்காரருக்கு மாத்திரை கொடுத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்து நிம்மதி அடைவது போல. காய்ச்சல் எதனால் வந்தது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அதனால் இப்போது என் பட்டறைக்கு யார் வந்தாலும் ஆயில் பேச்சுக்கு முன்னால் நான்கு காரியம் செய்வேன். கேஜ் கம்பியை உருவி மட்டம் பார்த்து, மோந்து பார்ப்பேன். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் என் சொந்தக் கேஜை மாட்டி, என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கிலும் 2,000 சுற்றிலும் குறித்துக்கொள்வேன். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டாவது வேண்டும் என்பது தொழிலில் புழங்குகிற கணக்கு. கண்டிப்பான விதி இல்லை, ஆனால் அதற்குக் கீழே போனால் நான் தூங்கமாட்டேன். அடுத்து நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன். கடைசியாகப் புகை.

புகையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சரியாகப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம். ஆயில் எரிந்தால் புகை நீலமாக இருக்கும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டர் பக்கம் போங்கள். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளை வந்தால் தண்ணீர், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலம் வந்து உடனே நின்றால் வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்க இழுக்க நீலம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கியரில் விட்டு இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு நீல மேகம் எழுந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் சிலிண்டருக்குள் உறிஞ்சும் இழுப்பு அதிகம், தளர்ந்த கைடு வழியாக ஆயிலைக் கீழே இழுத்து வைத்திருக்கும்.

வால்வு சீலும் கைடும் போனதற்கு ஆயிலை மாற்றிப் பயனில்லை. ஹெட்டைக் கழற்றி அதை மட்டும் பார்த்தால் போதும். ரிங் தேய்ந்ததற்கு ஒரு படி கெட்டி ஆயில் கொஞ்ச நாள் கைகொடுக்கும். நான் அதை மறுக்கவில்லை. காசு சேர்கிற வரை, பெண் கல்யாணம் முடிகிற வரை என்று வண்டியை ஓட்டுகிறவர்களிடம் 40ஐ விட்டு 50 போடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு மேலே போகாதீர்கள் என்றும் சொல்வேன். எவ்வளவு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் டாப் அப் செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால் போரிங் நாள் வந்துவிட்டது. அதற்குமேல் வாங்குகிற ஒவ்வொரு டின்னும் போரிங்குக்குச் சேர்க்க வேண்டிய பணம்.

அம்பாசடர்காரர்கள் வேறு ஒரு குறையோடு வருவார்கள். "வண்டி நின்ன எடத்துல ஆயில் திட்டுங்க, சீல் போயிருச்சுங்களா?" அந்த 1489 சிசி என்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. வடிவமைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இப்போது எல்லா என்ஜினிலும் இருக்கிற ரப்பர் சீல் அதில் கிடையாது. ஷாஃப்ட்டின்மேல் திருகுமறை வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அந்த மறை வெளியே வரப் பார்க்கிற ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆள் இல்லை, இரண்டு சொட்டு விழும். உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடர் செய்தார்கள். இந்த என்ஜின் இருந்த வண்டிகள் எல்லாமே தரையில் கையெழுத்துப் போட்டவைதான். அதற்கு 20டபிள்யூ-50 பொருத்தம். திட்டு கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். திட்டே இல்லாமல் செய்ய எந்த ஆயிலாலும் முடியாது. பத்மினியின் 1089 சிசி என்ஜினுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50, நல்ல நிலையில் இருந்தால் 40, ஓடித் தளர்ந்திருந்தால் 50. அக்னி நட்சத்திரத்தில் கரூர், வேலூர்ப் பக்கம் வண்டி எடுக்கிறவர் என்றால் 50 என்பேன். எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரும், வண்டலூர்ப் பக்கம் செய்தது. அதைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறையும். அதற்கும் இதே கணக்கு. மாருதி 800க்கு 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 போதும். 796 சிசி, மூன்று சிலிண்டர், நெருக்கமான கிளியரன்ஸ். அதில் 50 போட்டு, காலையில் டாப்பெட் சத்தம் நிற்க நேரமாகிறது என்று வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

இன்னொரு பக்கத் தவறும் இப்போது கூடிவருகிறது. சென்ற வருஷம் மென்பொருள் வேலையில் இருக்கிற ஒரு தம்பி, தாத்தாவின் அம்பாசடரைப் புதுப்பித்து, விலை உயர்ந்த 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்தார். விலை கூடினால் வண்டிக்கு நல்லது என்ற அன்புதான் காரணம். "இது தப்புங்களாண்ணா?" என்று கேட்டார். ஆயில் தரமானது, வண்டிக்குப் பொருந்தாதது என்றேன். பேரிங்கில் ஆயில் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், கடுமையாக நசுக்கப்படும். அதற்காகவே 150 டிகிரியில் நசுக்கிப் பார்க்கிற ஒரு சோதனை அதே ஜே300இல் உண்டு. அதில் 20 எண் ஆயில் 2.6 இருந்தால் தேறிவிடும். 20டபிள்யூ-40க்கு 3.7 வேண்டும். இரண்டரை தௌ கிளியரன்ஸில் 2.6 நிற்காது. சிந்தெடிக் வேண்டுமானால் தாராளமாகப் போடலாம், 15டபிள்யூ-50 போன்ற எண்ணில் போடுங்கள் என்றேன். அன்றைக்கே மாற்றிக்கொண்டு போனார்.

மெல்லிய ஆயிலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய என்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் மூக்கு டாப்பெட்டின் தட்டை முகத்தின்மேல் உராய்ந்துகொண்டே போகும். அங்கே படலம் நிற்பது கஷ்டம். அந்த இடத்தைக் காப்பது ஆயிலில் கலந்திருக்கிற துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். உலோகத்தின்மேல் அது ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். ஆனால் பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் ஏ.பி.ஐ.யின் எஸ்.எம்., எஸ்.என். தரங்களில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு இல்லை. பழைய என்ஜினுக்குப் பழைய எண்ணே பொருந்துவதற்கு இது இன்னொரு காரணம். தனியாகப் பாட்டிலில் விற்கிற துத்தநாக மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள். அளவு மீறினால் அதுவே அரிக்கும்.

பழைய கார் என்றதும் அம்பாசடரும் பத்மினியும் கண்ணில் நிற்கின்றன. ஆனால் 2010இல் வாங்கிய ஹேட்ச்பேக்கும் இன்று பழைய கார்தான், அப்படிப்பட்டவைதான் இப்போது அதிகம் வருகின்றன. அவற்றின் புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது என்பதற்காக 20டபிள்யூ-50 ஊற்றிவிடாதீர்கள். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற கருவி பல என்ஜின்களில் ஆயில் பிரஷரிலேயே இயங்குகிறது. சல்லடை மாதிரிச் சின்னத் துளைகள். கெட்டி ஆயில் அங்கே திணறும். உண்மையாகவே ஆயில் குடிக்கிறது என்றால் 5டபிள்யூ-40 வரை போகலாம், அதற்குள் காரணத்தைத் தேடுங்கள்.

வாங்குகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருஷத்துக்கு முன் ஒரே மாதத்தில் மூன்று 800 என்ஜின் எனக்கு வந்தன. மூன்றிலும் சம்ப்பில் தார் போன்ற சகதி, மூன்றுக்கும் ஒரே கடையில் வாங்கிய ஆயில். டின் அசல், உள்ளே இருந்தது யாரோ வடிகட்டிய கழிவு ஆயில். அன்றிலிருந்து காலி டின்னைக் கத்தியால் கிழிக்காமல் நான் வெளியே போடுவதில்லை. நீங்களும் கிழியுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள், கரையானுக்கென்று மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். மண்ணும் கிணறும் நம்முடையவை.

சகதி பிடித்த என்ஜினை ஒரே நாளில் கழுவிவிடுகிறேன் என்று ஃப்ளஷ் ஊற்றுவதும் எனக்குப் பிடிக்காது. பெயர்ந்த சகதி ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். நல்ல ஆயிலை ஊற்றி ஆயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றி, மறுபடியும் ஆயிரத்தில் மாற்றி, மெல்லக் கரைத்தெடுங்கள்.

போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் 1978 அம்பாசடரைக் கொண்டுவந்தார். ஐடிலிங்கில் விளக்கு மினுக்குகிறது, மெக்கானிக் போரிங் செய்யச் சொல்லிவிட்டார் என்றார். கேஜ் கம்பியை உருவினேன். மட்டம் சரி, பெட்ரோல் வாசம் இல்லை. கம்ப்ரஷன் நாலிலும் சீராக இருந்தது. புகை இல்லை. என் கேஜை மாட்டிச் சூடாக்கிப் பார்த்தால் ஐடிலிங்கில் 18 பவுண்டு, 2,000 சுற்றில் 45. பிரஷர் சுவிட்ச்தான் கெட்டிருந்தது. புது சுவிட்ச் போட்டு, அவர் ஊற்றியிருந்த 20டபிள்யூ-50ஐ அப்படியே விட்டேன். அவர் கொண்டுவந்த நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் அந்த இரண்டு பிரஷர் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆயில் சர்வீஸுக்கு வரும்போது நோட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.